பிழைபட்ட சில்லுக்கு ஓர் அணை

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். சரிவு மிகுந்த கொள்ளிடம் நீரை இழுத்துக்கொள்ள, தஞ்சைக்குச் செல்லும் காவிரி மெலிந்தது. ஆற்றின் இயல்பை மாற்ற இயலுமா? 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். விளைவு, காவிரியில் நீர் மிகுந்து அதன் படுகை அரிக்கத் தொடங்கியது. பின்னர் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்புக் கட்ட வேண்டியதாயிற்று!

கணிப்பொறியிலும் இக்கதை உண்டு. ஆலையை விட்டு வெளிவந்த சில்லிலுள்ள பிழையைச் சுரண்டி எடுக்க முடியாது. அதை இயக்கும் நிரல்தான் சமாளிக்க வேண்டும். எழுத்துகளை ஒரே கம்பியில் பிட் பிட்டாக அனுப்பும் சீரியல் போர்ட்டுக்கு, லினக்ஸில் '8250' என்றொரு டிரைவர் நிரல் இருக்கிறது. அதன் மூலத்தை எவரும் படிக்கலாம். ஆகவே ஒரு நூலைப் போலவே அதை விமரிசிக்கலாம் அல்லவா?

அதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரே ஒரு வரி. கடிகாரத் துடிப்பை ஓர் எண்ணால் வகுத்தே போர்ட்டின் வேகம் பெறப்படுகிறது. ஆக்ஸ்போர்டு 952 என்ற சில்லின் 'பி' பதிப்பில், அந்த எண்ணின் கீழ் எட்டு பிட்டுகளும் சுழியானால் கோளாறு. டிரைவர் என்ன செய்கிறது தெரியுமா? எண்ணுடன் ஒன்றைக் கூட்டிவிடுகிறது! 256 என்பது 257 ஆகும். வேகம் 0.4 சதவீதத்துக்கும் குறைவாகவே பிசகும். ஒவ்வோர் எழுத்தின் தொடக்க பிட்டிலும் பெறுமுனை தன் கணக்கைப் புதிதாகத் தொடங்குவதால், பத்து பிட்டுகள் முடிவதற்குள் சேரும் பிசகு ஒரு பிட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். ஓர் எழுத்தும் கெடாது.

இன்னொரு சமாளிப்பு இவ்வளவு அழகாக அமையவில்லை. 'அனுப்பும் அறை காலி' என்று குறுக்கீடு கொடுக்க வேண்டிய சில சில்லுகள் வாய் திறப்பதில்லை. போர்ட்டைத் திறக்கும்போதே டிரைவர் இதைச் சோதித்து, மௌனம் சாதிக்கும் சில்லுக்குப் பிழைக்குறி இட்டு, அதன்பின் தானே நிலையைப் பார்த்து எழுத்துகளை அனுப்புகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இன்டெலின் சில நெட்வொர்க் சில்லுகளில் அமைந்த போலி சீரியல் போர்ட் பதில் சொல்லச் சற்றுத் தாமதிக்கும். சோதனை அதையும் குற்றவாளியாக்கியது. 'இதைச் சோதிக்காதே' என்று மற்றொரு விதிவிலக்கைச் சேர்க்க நேர்ந்தது. காவிரித் தலைப்பின் தடுப்பு நினைவுக்கு வருகிறதல்லவா?

என் குறை வேறு. அல்கெமி ஏயு வரிசைச் செயலிகளின் பிழைக்கு இட்ட குறியருகே செயலியின் பெயர் இருக்கிறது. மௌனச் சில்லுக்கான குறியின் அருகில் எந்தச் சில்லின் பெயரும் இல்லை. நாளை அச்சில்லுகள் மறைந்தாலும் அவ்வரிகளை நீக்க யார் துணிவார்?

பிழைக்கும் உறவு முளைத்துவிடும். நேஷனல் செமிகண்டக்டர் தன் 8250 சில்லின் குறைகளைத் திருத்தி 8250ஏ என வெளியிட்டது. பழைய சில்லுக்கு ஒத்து எழுதிய பயாஸ் நிரல்களோடு, திருத்தப்பட்ட சில்லைப் பயன்படுத்தவே முடியவில்லை!