முதல் பெடலுக்கு ஃபஸ்தான்!

கிட்டார் எஃபெக்ட் பெடலைக் கையால் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர் யார் வந்து கேட்டாலும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். ஃபஸ் கிட் வாங்குங்கள். அதிலும் ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட்டில் வருகிற கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். எக்கோ தருகிற கிட், கோரஸ் கிட், ஓவர்டிரைவ் கிட் என்று எத்தனையோ விற்கிறார்கள், எல்லாமே அருமையானவை. ஆனால் இரண்டே குமிழ்கள் வைத்த அந்தச் சின்ன அலுமினியப் பெட்டி எனக்குத் தந்த ஆனந்தத்தை நான் வாங்கிய எந்த விலை உயர்ந்த பெடலும் தந்ததில்லை.

மொத்தம் 11 உறுப்புகள். நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு பாட். ஜாக்கும் சுவிட்சும் தனி; ஒலியை உண்டாக்குவது இந்தப் பதினொன்றும்தான். எல்லாவற்றையும் அள்ளி உள்ளங்கையில் வைத்தாலும் கை நிறையாது. இவ்வளவு சின்னக் கூட்டம் சேர்ந்து எழுப்புகிற ஓசை இருக்கிறதே! ஒற்றைத் தந்தியை மீட்டினால் போதும். அறை நிறைய விரிந்து, கரகரத்து, அடங்க மனமில்லாமல் நின்று ஒலிக்கிறது.

இந்த ஓசை பிறந்த கதையே அற்புதமானது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ‘டோன்ட் வொரி’ பாட்டைப் பதிவுசெய்தபோது, மிக்ஸிங் மேசையில் ஒரு சானல் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் சோலோ கரகரவென்று பதிவாகிவிட்டது. அதை அப்படியே விட்டார்கள். 1961இல் பாட்டு வெற்றிபெற்றது. அந்தக் கரகரப்பை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டும்போதெல்லாம் உண்டாக்க வழி கண்டவர் ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி. கிப்ஸன் நிறுவனம் 1962இல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்தார். உலகமே அந்த ஓசையைத் தேடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே லண்டனில் ஐவர் ஆர்பிட்டர் வட்ட வடிவில், மைக் ஸ்டாண்டின் அடித்தட்டு போன்ற பெட்டியில் ஃபஸ் ஃபேஸை வெளியிட்டார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையில் அது என்ன ஆனது என்பது ராக் இசை கேட்கிற எல்லோருக்கும் தெரியும். அவருக்காகப் பெடல்களைத் திறந்து, உறுப்புகளை மாற்றி மாற்றிக் கொடுத்தவர் ரோஜர் மேயர். பெட்டியைத் திறந்து மாற்றுவது அன்றைக்கே இந்தக் கலையின் பாதி. கிட் வாங்குகிறவர் அந்தப் பரம்பரையில்தான் சேர்கிறார்.

சர்க்யூட் செய்கிற வேலை எளிமையானது. கிட்டாரிலிருந்து வரும் சின்ன சிக்னலை முதல் டிரான்சிஸ்டர் பெருக்குகிறது. இரண்டாவது இன்னும் பெருக்குகிறது. பேட்டரியோ 9 வோல்ட்தான். கூரை தாழ்ந்த வீட்டில் நெடியவன் நிமிர்ந்தால் தலை இடிக்கிற மாதிரி, அலையின் உச்சி அந்த வரம்பில் முட்டித் தட்டையாகிறது. தட்டையான அலையில் மூலச் சுரத்தோடு மேல்சுரங்கள் கூட்டமாகப் பிறக்கின்றன. ஃபஸ் என்பது அந்தக் கூட்டத்தின் குரல்.

கிட் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதிலிருந்து வந்ததுதான்: ஒவ்வொரு உறுப்பின் வேலையும் காதுக்குக் கேட்கவேண்டும். ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் என்ன ஆகிறது என்று காது சொல்லவேண்டும். எலெக்ட்ரோ ஹார்மனிக்ஸ் 1968இல் கொண்டுவந்த எல்பிபி 1 பூஸ்டரில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர். செய்வதற்கு அதைவிட எளிது கிடையாது. ஆனால் ஒலியைப் பெரிதாக்குவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. மறுபக்கம் ஐபனீஸின் ட்யூப் ஸ்க்ரீமர் வகை: 4558 என்ற ஐசி, அதன் பின்னூட்டப் பாதையில் டயோடுகள், தனியே டோன் சர்க்யூட். ஒலி தேன். ஆனால் உறுப்புகள் பல மடங்கு. எது என்ன செய்கிறது என்று முதல் முறையிலேயே பிடிபடாது. பிடி 2399 ஐசி வைத்த எக்கோ கிட்டுகளில் பெரும்பங்கு வேலை அந்த ஐசிக்குள்ளேயே நடந்துவிடுகிறது. நம் கைக்கு எட்டுவது ஓரங்கள்தான். ஃபஸ் ஃபேஸில் மறைவிடமே இல்லை. பதினொன்றும் கண்ணெதிரே, பதினொன்றும் காதில்.

உள்ளீட்டில் நிற்கும் 2.2 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரைக் கழற்றி 0.1 வைத்துப் பாருங்கள். கீழ்ச்சுரங்கள் மெலிந்து, ஓசை கூர்மையாகி, பாண்டில் மற்ற கருவிகளுக்கு நடுவே துல்லியமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வெளியீட்டுப் பக்கத்து 0.01ஐப் பெரிதாக்குங்கள், அடிவயிற்றிலிருந்து வருவது போல் கனம் கூடும். 330 ஓம் ரெசிஸ்டரின் இடத்தில் 1 கிலோ ஓம் வையுங்கள். ஒலியின் அளவு எகிறும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொள்ளலாம். கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு, மாற்றிய மறுநிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்துத்தான் பார்க்கவேண்டும்!

பணம் கட்டுமுன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். கிட்டுக்கான செய்முறை ஆவணத்தை முழுக்கப் படியுங்கள். நல்ல கிட்டுகளுக்கு அது இலவசமாகவே கிடைக்கும். அதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: முழு சர்க்யூட் வரைபடம், உறுப்புப் பட்டியல், ஜாக்குகளையும் சுவிட்சையும் இணைக்கும் வயரிங் படம், டிரான்சிஸ்டர் கால்களில் எத்தனை வோல்ட் இருக்கவேண்டும் என்ற அட்டவணை. நான்காவது இருந்தால் அந்தக் கிட்டைச் செய்தவர் உங்களை மதிக்கிறார் என்று பொருள். வேலை செய்யாத பெடலில் எங்கே கோளாறு என்று மல்டிமீட்டரை வைத்துக் கண்டுபிடிக்க அந்த ஒரு அட்டவணை போதும். அமெரிக்காவின் பில்ட் யுவர் ஓன் குளோன், ஜெனரல் கிட்டார் கேட்ஜெட்ஸ், ஜெர்மனியின் மூசிக்டிங் போன்றவர்கள் இப்படிக் கிட் போட்டு உலகெங்கும் எத்தனையோ பேரைச் சால்டரிங் அயர்ன் பிடிக்க வைத்தார்கள். அதற்கும் முன்பே, 1970களில், கிரெய்க் ஆண்டர்ட்டன் எழுதிய ‘எலெக்ட்ரானிக் புராஜெக்ட்ஸ் ஃபார் மியூசிஷியன்ஸ்’ இந்த வழிக்கு விளக்கேற்றியது. ஃபஸ் ஃபேஸின் உள்ளும் புறமும் பிரித்து விளக்கி ஆர்.ஜி. கீன் எழுதியிருக்கும் கட்டுரையை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று புரிகிறது.

அடுத்த கேள்வி, ஜெர்மானியமா சிலிக்கானா? முதலில் வந்த ஃபஸ் ஃபேஸ்களில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அந்த ஒலியின் மென்மை தனி அழகு, மறுக்கமாட்டேன். ஆனால் ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் பெருகி, அமைத்துவைத்த அளவெல்லாம் நகர்ந்துவிடும். நான் வாசிப்பது சென்னையில், மே மாதத்திலும் மொட்டைமாடி அறையில். அதுமட்டுமல்ல, பழைய ஜெர்மானியம் சர்க்யூட்டுகளில் பெரும்பாலும் பிஎன்பி டிரான்சிஸ்டர். பாசிட்டிவ் பக்கம் கிரவுண்டாக இருக்கும். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோக்க முடியாது. சிலிக்கான் என்பிஎன் வகையில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. எந்த வெயிலிலும் அசையாது. ஒலியும் இன்னும் வீரியமானது, பளீரென்றது. நம் ஊருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சிலிக்கான் என்பேன்.

சிலிக்கானைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு பெரும் மகிழ்ச்சி காத்திருக்கிறது: ரிச்சி தெரு! வெளிநாட்டுக் கிட்டில் கனமானது அலுமினியப் பெட்டிதான். தபால் செலவும் சுங்கவரியும் அதனால் ஏறும். சர்க்யூட் பலகையை மட்டும் வரவழைத்து மற்றதை அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெருவில் வாங்குவது என் வழக்கம். அந்தக் குறுகலான சந்துக்குள் நுழைந்தாலே மனம் துள்ளும். தலைக்கு மேலே தொங்கும் வயர்ச் சுருள்கள், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். “அண்ணே, பிசி 108 இருக்கா?” என்று கேட்டால், “மெட்டல் கேன்தான் வேணுமா தம்பி? 548 போட்டாலும் ஓடுமே” என்பார் கடைக்காரர். அவர் சொல்வது சரிதான்; பிசி 107, 108, 109 வரிசையின் பிளாஸ்டிக் உடல்தான் 547, 548, 549. இரண்டையும் வாங்குங்கள். கூடவே 2என் 3904ம் வாங்குங்கள். விலை சில ரூபாய்; ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். கால் வரிசையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டையான முகம் நம்மைப் பார்க்க நிறுத்தினால் 547க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 3904க்கு நேர் எதிர் வரிசை. தகரக் குல்லாய் போட்ட பிசி 108ல் விளிம்பில் நீட்டியிருக்கும் சின்ன நாக்கின் பக்கத்துக் கால்தான் எமிட்டர்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 25 வாட் சால்டரிங் அயர்ன், உள்ளே ரோசின் உள்ள 60:40 சால்டர், ஒரு கட்டிங் பிளையர், சாதாரண மல்டிமீட்டர். பலகையில் உயரம் குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள்: முதலில் ரெசிஸ்டர், பிறகு டிரான்சிஸ்டர் சாக்கெட், பிறகு கெப்பாசிட்டர். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு நீளக்கால் பாசிட்டிவ் என்பதை மறவாதீர்கள். அயர்ன் முனையால் காலையும் செப்புத் தளத்தையும் சேர்த்துச் சூடாக்கி, சால்டரை அந்தச் சூட்டில் தொடுங்கள். பளபளவென்று உருகி, காலைச் சுற்றிக் கூம்பாக ஏறி நிற்கும். ஒவ்வொரு இணைப்பும் அப்படி வெள்ளியாக மின்னும்போது வருகிற பெருமிதத்துக்கு ஈடில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள், சால்டரில் ஈயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமை கேட்பது ஒன்பது கால் உள்ள மிதி சுவிட்ச்தான். அதற்கென்று தனிச் சின்னப் பலகை தருகிற கிட்டாக இருந்தால் இரு கை கூப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது உச்சக்கட்டம். 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு ட்ரிம்பாட் வைத்துவிடுங்கள். பல கிட்டுகளில் அதுவே வருகிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிரவுண்டிலும் மற்றதை இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரிலும் வைத்து, ட்ரிம்பாட்டை மெல்லத் திருப்புங்கள். 4.5 வோல்ட், அதாவது பேட்டரியில் சரிபாதி, அங்கே வரும்போது நிறுத்துங்கள். பிறகு கிட்டாரை வாசித்தபடியே கொஞ்சம் அப்படியும் இப்படியும் திருப்புங்கள். ஒரு பக்கம் போனால் சுரம் திக்கித் திணறி அறுபடும். நடுவுக்கு வந்தால் பூரித்து முழுசாக விரியும். உங்கள் காதுக்குப் பிடித்த இடம் எதுவோ அதுவே உங்கள் பெடலின் குரல். இப்படி ஒரு அதிகாரம் கடையில் வாங்கிய எந்தப் பெடலிலும் எனக்கு வாய்த்ததில்லை!

வாசிக்கும்போது இன்னொரு அதிசயம். ஃபஸ் குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு, கிட்டாரில் உள்ள வால்யூமை மட்டும் மெல்லக் குறையுங்கள். கரகரப்பு கரைந்து, பனித்துளி போலத் தெளிந்த ஒலி வரும். மறுபடி ஏற்றினால் மறுபடி இடி. காலால் எதையும் தொடவேண்டாம், சுண்டுவிரல் போதும். இந்தச் சர்க்யூட்டின் உள்ளீட்டு மின்தடை மிகக் குறைவு என்பதால் அது கிட்டாரின் பிக்கப்போடு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. அதன் விளைவு இது. அதனால்தான் ஃபஸ் ஃபேஸைப் பெடல் வரிசையில் முதலாவதாக, கிட்டாருக்கு அடுத்தபடியாக வைக்கவேண்டும். நடுவில் பஃபர் உள்ள பெடல் எதுவும் வரக்கூடாது.

இதை முடித்தவருக்கு அடுத்த படிகள் தானாகத் திறக்கும். 1969இல் நியூயார்க்கில் மைக் மேத்யூஸ் கொண்டுவந்த பிக் மஃப்பில் நான்கு டிரான்சிஸ்டர். நீங்கள் அறிந்த அதே பெருக்கமும் வெட்டலும் அங்கே அடுக்கடுக்காக வரும். பிறகு எல்எம் 308 ஐசி வைத்த ராட், பிறகு ட்யூப் ஸ்க்ரீமர். வரைபடங்களைப் பார்த்ததும் எந்தக் கெப்பாசிட்டர் கீழ்ச்சுரங்களைக் கட்டுப்படுத்துகிறது, எந்த டயோடு அலையை வெட்டுகிறது என்று கண் தானே தேடும். பில் ஃபின்னகன் 1994இல் வெளியிட்ட கிளான் செண்டாரில் சர்க்யூட் யார் கண்ணிலும் படாதபடி எபாக்ஸி பூசியிருந்தார்; இன்று அதன் வழியில் வந்த கிட்டுகளைக்கூட வீட்டு மேசையில் செய்கிறார்கள். அந்த உயரத்துக்கும் ஏணியின் முதல் படி இந்தப் பதினொன்றுதான்.

ஆகவே தயங்காதீர்கள். சிலிக்கான் ஃபஸ் ஃபேஸ் கிட்; வோல்ட் அட்டவணையோடு ஆவணம்; துளை போட்டு வருகிற பெட்டி; டிரான்சிஸ்டருக்குச் சாக்கெட்; வோல்ட்டைச் சரிசெய்ய ட்ரிம்பாட். இந்த ஐந்தும் இருந்தால் உடனே ஆர்டர் போடுங்கள். கூடவே ஒரு பிடி டிரான்சிஸ்டர்களையும் நாலைந்து அளவுகளில் கெப்பாசிட்டர்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் ஓசை கேட்ட அன்றைக்கே அடுத்ததை மாற்றிப் பார்க்கக் கை பரபரக்கும்!