ஃபாண்ட் மூட்டையும் திறக்காத ஜன்னலும்

"தண்டர்பேர்ட்ல செட்டிங்ஸ் போனா அப்படியே நின்னுடுது சார். மெயில் வருது, போகுது, தேடினா கிடைக்குது. செட்டிங்ஸ் மட்டும்தான் இப்படி. நெட்ல போட்டிருந்த மாதிரி எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுடலாம்னு இருக்கேன்."

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் நண்பர் போனில் சொன்னது இது. கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் "அண்ணே, எதையும் தொடாதீங்க, நான் வர்றேன்" என்று கிளம்பிவிட்டேன். அவர் அழிக்கப் பார்த்தது புரொஃபைல் ஃபோல்டரை. பாப் முறையில் மெயில் எடுக்கிறவர், சர்வரில் பிரதி வைப்பதில்லை. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் காலத்திலிருந்து இறக்குமதி செய்து செய்து கொண்டுவந்த இருபது வருஷத்து மடல்கள் மொத்தமும் அந்த ஒரு ஃபோல்டரில்தான். எங்கள் இருவருக்கும் கல்வெட்டுப் படிக்கச் சொல்லிக்கொடுத்த தமிழாசிரியர் ஒருவர் இப்போது இல்லை. வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பற்றி அவர் எழுதிய நீண்ட மடல்களும் அதற்குள்தான் இருக்கின்றன. என் பிரதி ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கோடு போய்விட்டது.

ஆக, ஒரு ஜன்னல் மெதுவாகத் திறக்கிறது என்பதற்காக இவ்வளவும் போயிருக்கும்.

இணையத்தில் இதற்குக் கிடைக்கும் அறிவுரை எப்போதும் ஒரே மாதிரிதான். டிரபிள்ஷூட் மோடில் திற, சரியாகலையா, புது புரொஃபைல் போடு, அதுவும் ஆகலையா, அழித்துவிட்டு மறுபடி நிறுவு. என் புகார் என்னவென்றால், முதல் இரண்டும் நல்ல சோதனைகள். அவற்றை மருந்தாகச் சொல்வதுதான் தப்பு. டிரபிள்ஷூட் மோடில் ஆட்-ஆன்கள் அணைந்திருக்கும். அதிலும் மெதுவாக இருந்தால் ஆட்-ஆன் காரணமில்லை, அவ்வளவுதான் செய்தி. புது புரொஃபைல் என்பது பழையதற்குப் பக்கத்தில் காலியாக இன்னொன்றைப் போட்டுப் பார்ப்பது. பழையதை அழிக்கவேண்டிய அவசியமே கிடையாது. ஆனால் புரொஃபைல் மேனேஜரில் 'டெலீட்' அழுத்தினால் 'கோப்புகளையும் அழிக்கட்டுமா' என்று ஒரு கேள்வி வரும். பாப் பயனருக்கு அங்கே 'ஆம்' சொல்வது மரணதண்டனை மாதிரி. அறிவுரை எழுதுகிறவர்களில் பலர் ஐமேப் பழக்கத்தில் இருப்பவர்கள், சர்வரிலிருந்து திரும்ப வந்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். மூன்றாவது யோசனையான மறுநிறுவலோ வழக்கமாகப் புரொஃபைலைத் தொடுவதே இல்லை, எனவே பெரும்பாலும் எதையும் மாற்றுவதுமில்லை.

கடைக்குப் போனதும் நிரலை மூடி, புரொஃபைல் ஃபோல்டரை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுத்தேன். அதற்கே ஒரு டீ நேரம் ஆனது. பிறகு பார்த்தால் அக்கவுன்ட் செட்டிங்ஸ் உடனே வருகிறது. ஜெனரல் பக்கம் திக்குகிறது. அதில் எழுத்துருக்களுக்கான 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்தினால் மவுஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிரபிள்ஷூட் மோடிலும் அதே. காலிப் புரொஃபைலிலும் அதே. அப்போ குற்றவாளி மடல்களும் இல்லை, ஆட்-ஆனும் இல்லை. நிரலுக்கு வெளியே ஏதோ. விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். அதுவே தவழ்ந்து தவழ்ந்து வந்தது. கீழே எண்ணிக்கை 1,900-ஐத் தாண்டி இருந்தது. சாதாரணக் கணினியில் சில நூறு இருக்கும்.

தண்டர்பேர்டின் மூல நிரல் திறந்தே இருப்பதால் காரணத்தைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். எழுத்துரு ஜன்னலில் மூன்று பட்டியல்கள்: செரிஃப், சான்ஸ்-செரிஃப், மோனோஸ்பேஸ். ஒவ்வொன்றுக்கும் நிரல், தேர்ந்தெடுத்த மொழிக்குப் பொருந்தும் என்று தான் நினைக்கும் எழுத்துருக்களை மேலே வைக்கிறது, ஒரு கோடு போடுகிறது, அதன் கீழே கணினியில் மீதமிருக்கும் எல்லாவற்றையும் அடுக்குகிறது. ஒவ்வொரு பெயரும் ஒரு மெனு வரி. 1,900 எழுத்துரு என்றால் மூன்று பட்டியலுக்கும் 5,700 வரி. மொழியை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. பிற்பாடு, எழுத்துருப் பெயர்களைக் கேட்டு வாங்கும் வேலையைப் பின்னணியில் நடக்கும்படி மாற்றினார்கள், அது நல்ல திருத்தம். ஆனால் வரிகளைக் கட்டும் வேலை அப்படியே இருக்கிறது. அண்ணனுடையது பழைய ஹார்டு டிஸ்க் வேறு.

இங்கே ஒரு வடிவமைப்புக் குறையைச் சொல்லியே ஆகணும். செட்டிங்ஸ் திறந்தால் முதலில் நிற்பது ஜெனரல் பக்கம். இயல்பு எழுத்துருவைத் தேர்வதற்கான பட்டியலும் அதே பக்கத்தில். மெயில் வந்தால் அடிக்கும் மணியை நிறுத்தப் போகிறவனும் எழுத்துருப் பட்டியலுக்கான சுங்கம் கட்டித்தான் உள்ளே போகணும். பட்டியலைத் தொடும்போது மட்டும் கட்டினால் என்ன? கண்ணுக்குத் தெரிகிற இருபது வரியை மட்டும் கட்டினால் என்ன? நிரலுலகில் இவை பழைய உத்திகள். இருநூறு எழுத்துரு இருக்கும் கணினியில் எழுதி, அதே கணினியில் சோதிக்கிறவருக்கு இந்தக் கேள்வி வராது, அதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

ஆனால் 1,900 எழுத்துருவுக்கு நிரல் பொறுப்பில்லை. அது நம் கதை.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸில் அது வேலை செய்ய விண்டோஸ் 2000-உம் லதா எழுத்துருவும் வரவேண்டியிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஆளுக்கொரு குறியாக்கம். மடற்குழுக்களில் டிஸ்கி. 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற டாம், டாப். அரசு அலுவலகங்களில் வானவில். அச்சகங்களில் ஸ்ரீ-லிபி, பாமினி, இன்னும் என்னென்னவோ. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது, ஆனால் கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் கொண்டுவருகிறவர் அரசாணை படித்துவிட்டு வருவதில்லை. யார் எதில் அடித்துக்கொண்டு வந்தாலும் திறக்கணும், அதனால் டி.டி.பி. கடைக்காரர் எதையும் தூக்கிப் போடமாட்டார். "ஒரு ஃபாண்ட் இல்லன்னா ஒரு கிராக்கி போச்சு சார்" என்பது அண்ணன் கணக்கு. தப்பில்லை.

சரி, அவர் ஏன் எழுத்துரு ஜன்னலைத் திறந்தார்? அதுதான் எனக்கு உறைத்த இடம். ஆசிரியரின் மடல்கள் டிஸ்கியில் இருக்கின்றன. அந்தக் கால மடல்கள் தங்களைத் தமிழ் என்று அறிவித்துக்கொள்வதில்லை. மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று சீட்டு ஒட்டிக்கொண்டுதான் வரும். நெட்ஸ்கேப் காலத்தில் 'யூசர் டிஃபைன்டு' என்று ஒரு வரி இருந்தது, அதற்கு டிஸ்கி எழுத்துருவைக் கொடுத்துவிட்டுப் படிப்போம். இன்றைய பட்டியலில் அந்த வரி இல்லை. எனவே லத்தீனுக்கான எழுத்துருவையே டிஸ்கி எழுத்துருவாக மாற்றணும். வெறும் உரை மடல் என்றால் மோனோஸ்பேஸ் பட்டியலிலும் மாற்றணும், பலரும் தவறவிடுவது இதைத்தான். படித்து முடித்ததும் திரும்பப் பழையபடி வைக்கணும். ஆங்கிலத்தில் மட்டும் மடல் படிக்கிறவர் வாழ்நாளில் ஒருமுறைகூடத் திறக்காத ஜன்னல் இது. அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடி. எந்த எழுத்துருக்களால் ஜன்னல் மெதுவானதோ, அவற்றில் ஒன்றுக்காகத்தான் அவர் அந்த ஜன்னலுக்கே போகிறார். 'வேண்டாத ஃபாண்ட்களை நீக்குங்கள்' என்ற அறிவுரையை அப்படியே பின்பற்றியிருந்தால் ஜன்னல் சட்டென்று திறந்திருக்கும், மடல்கள் கொக்கி கொக்கியாக நின்றிருக்கும்.

ஒரே ஒரு கெட்டுப்போன எழுத்துருக் கோப்பும் இப்படித் திக்க வைக்கலாம் என்பதால், பாதியை நகலெடுத்து வைத்துவிட்டு நீக்கிப் பார்த்தேன். நேரமும் ஏறக்குறையப் பாதியானது. மறுபாதியை வைத்துப் பார்த்தபோதும் அப்படியே. எனவே காரணம் ஒரு கோப்பு அல்ல, கூட்டம். (உங்களுக்கு அக்கவுன்ட் செட்டிங்ஸ் பக்கம்தான் திக்குகிறது என்றால் எழுத்துருவை விட்டுவிடுங்கள். மடல் ஃபோல்டர் இப்போது இணைப்பில் இல்லாத நெட்வொர்க் டிரைவைக் காட்டுகிறதா, ஆன்டிவைரஸ் புரொஃபைலைத் துருவுகிறதா என்று பாருங்கள்.)

அண்ணனோடு உட்கார்ந்து பிரித்தோம். விண்டோஸோடு வந்தவை, அன்றாடம் ஓடும் அறுபது எழுத்துருக்கள், டிஸ்கியில் இரண்டு, இவை மட்டும் நிறுவியபடி இருக்கின்றன. மற்றவை டி டிரைவில், குறியாக்கத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று. கிராக்கி வந்தால் வலது கிளிக் செய்து நிறுவிக்கொள்ளலாம். செட்டிங்ஸ் இப்போது இரண்டு மூன்று நொடியில் வருகிறது.

மடல்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலை தனி. டிஸ்கி எட்டு-பிட் குறியாக்கம், ஆங்கில எழுத்துக்களின் இடத்தைத் தொடாமல் மேல்பாதியில் தமிழை வைத்திருக்கிறது. அதனால் ஆசிரியரின் மடல்களில் நடுநடுவே வரும் ஆங்கிலக் குறிப்புகள் சேதமில்லாமல் வந்துவிட்டன. என்.எச்.எம். கன்வெர்ட்டரில் போட்டு எடுத்து, மூலத்தையும் அப்படியே வைத்திருக்கிறோம். பாமினி அப்படியில்லை, ஆங்கில எழுத்துக்களின் இடத்திலேயே தமிழ் உட்கார்ந்திருக்கிறது. கலந்து எழுதிய மடலை மாற்றினால் ஆங்கிலமும் தமிழாகிக் குழம்பிவிடும். அந்த மாதிரி நாற்பது சொச்சம் மடல்கள் இருக்கின்றன. எது ஆங்கிலம் எது தமிழ் என்று கண்ணால் பார்த்துப் பிரிக்கணும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை மூடியபிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து செய்கிறோம், இதுவரை பதினொன்று முடிந்திருக்கிறது.