யாருடைய வாக்கியம்?

சபைச் சரித்திரம்பற்றி அண்மையில் நாம் வாசித்த சில ஆய்வுக் கட்டுரைகளில் 'சீகன்பால்கு, 1713' என்னும் அடிக்குறிப்பு அடிக்கடி வருகின்றது. பக்க எண்ணும் உண்டு. அப்பக்கமோ 1869இல் சென்னையில் வெளிவந்த ஆங்கில நூலுக்குரியது!

சீகன்பால்கு ஐயர் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியைத் தரங்கம்பாடியில் 1713இல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கே அதை அச்சிட இசையவில்லை. 1867இல்தான் கெர்மான் அதனைச் சென்னையில் பதிப்பித்தார். தம் சேர்க்கைகளையும் உடன் வைத்தார். ஈராண்டுகளுக்குப்பின் மெட்ஸ்கர் அதனை ஆங்கிலத்தில் தந்தார். அது தாராளமான மொழிபெயர்ப்பு என்று தலைப்புப் பக்கமே அறிவிக்கின்றது. அந்நூலின் ஒரு வாக்கியத்தைக் காட்டி, "தமிழர் சமயத்தைக் குறித்துச் சீகன்பால்கு இவ்வாறு கருதினார்" என எழுதுவோர், இம்மூவருள் யாருடைய கருத்தை நமக்குத் தருகின்றனர்? முதல் மிஷனெரி தமிழரின் சமயத்தை எவ்வாறு மதித்தார் என்பதே கட்டுரையின் பொருளாயிருக்கையில், இக்கேள்விக்கு விடையின்றி முடிவு எதுவும் நில்லாது.

ஹாலேயில் அச்சான மிஷனெரி கடிதங்களும் வெளியீட்டுக்குமுன் திருத்தப்பட்டவையே. அச்சில் கண்டவர் அச்சு நூலையே குறிக்கட்டும். மூலக் கடிதத்தைக் கண்டவர் காப்பகம், கட்டு எண், தாள் எண், எழுதியவர், பெற்றவர், தேதி ஆகியவற்றைத் தரவேண்டும். (நம் மாணவர் பலர் ஹாலே செல்ல இயலாதென்பதை அறிவோம், அதற்காக எவரும் அவர்களைக் குறைகூறார்.)

வம்சாவளியின் 1713ஆம் ஆண்டு மூலவடிவத்தைத் தானியேல் ஜெயராஜ் 2003இல் பதிப்பித்தார். 2005இல் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. நாம் வாசித்த கட்டுரைகளில் ஒன்றேனும் இவற்றை மெட்ஸ்கருடன் ஒப்பிடவில்லை.