ஒரே இசைக்கு இரு ராவிகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி மாதத்து வைகறையில் விழிப்போர் அனைவரும் அறிந்த ஒன்று உண்டு. சுபுஹுத் தொழுகைக்காக நாம் வீட்டை விட்டு இறங்கும் வேளையில், கோபுரத்தின் திசையிலிருந்து ஒலிபெருக்கி வழியே திருப்பாவை மிதந்து வரும். ஒரு நாள் எம்.எல். வசந்தகுமாரி அம்மையாரின் குரல். மறுநாள் வேறொருவர் குரல். முப்பது பாடல்களும் அவையே; அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் அமைத்த மெட்டுகளையே பலரும் பாடுகின்றனர். ஆயினும் தெருமுனைத் தேநீர்க்கடைக்காரர் கூட, "நேற்றுப் போல இன்று இல்லையே" என்று சொல்லிவிடுவார். மூலம் ஒன்றாக இருக்க, அதை எடுத்துரைப்போர் வேறுபடும்போது, யாரை நம்புவது? எதைக்கொண்டு தரம் பிரிப்பது? இவ்வினா இசைக்கு மட்டும் உரியதன்று. நம் முன்னோர் ஹதீஸ் கலையை வளர்த்ததே இவ்வினாவுக்கு விடை காணத்தான்.

இராசபாளையத்தில் பஞ்சாலை ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் நமக்குண்டு. அயல்நாட்டில் பணிபுரியும் அவருடைய மைந்தர் அனுப்பிய குறுந்தகடுகளுள் இரண்டு, ஒரே இசையை இரு வேறு குழுவினர் வாசித்தவை. "ஹஜ்ரத், கித்தாபுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் தொழில், இவற்றையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்" என்றார் அவர். இஷாவுக்குப் பின் மூன்று இரவுகள் அவர் இல்லத்து முன்னறையில் அமர்ந்து இரண்டையும் மாறி மாறிக் கேட்டோம். அதன் பயனே இக்கட்டுரை.

மதரசாவில் ஓதியவனுக்கு மேனாட்டு இசையில் என்ன வேலை என்று சில அன்பர்கள் வினவக்கூடும். இசை பற்றிப் பெருநூல் யாத்த அல்பாராபி நம்மவரே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தம் இஹ்யாவில் 'ஸமாஉ' பற்றித் தனியே ஒரு பகுதி வரைந்துள்ளார்கள். இசை ஆகுமா ஆகாதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அவ்வழக்கை இங்கு நாம் தொடங்கவில்லை. எடுத்துரைப்பவரை எடைபோடும் முறையை மட்டுமே இங்குக் கையாள்கிறோம்.

நாம் கேட்ட இசையின் பெயர் 'உருமாறிய இரவு'. இயற்றியவர் அர்னால்ட் ஷோன்பெர்க். 1874இல் வியன்னா நகரத்து யூதக் குடும்பமொன்றில் பிறந்த இவர், இருபதாம் நூற்றாண்டு மேனாட்டிசையின் போக்கையே திருப்பியவர். இதனை அவர் 1899இல் ஆறு நரம்புக் கருவிகளுக்காக எழுதினார். 1917இல் நரம்பிசைக் குழு முழுவதும் வாசிக்கும்படி விரித்தார். 1943இல் மீண்டும் திருத்தினார். இலக்கண நூலில் இல்லாத ஒரு சுரக்கூட்டு இதில் வருகிறது என்று சொல்லி வியன்னா இசைச் சங்கமொன்று இதனை ஏற்க மறுத்ததாம். 1902இல்தான் இது அந்நகரில் அரங்கேறியது. நம் யாப்பிலக்கணக்காரரும் புதுக்கவிதைக்காரரும் இட்ட சண்டையை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இவ்விசைக்கு அடிப்படை ரிச்சர்ட் டேமெல் என்னும் ஜெர்மானியக் கவிஞரின் பாடல். ஆணும் பெண்ணும் நிலவொளியில் இலையுதிர்ந்த காட்டு வழியே நடக்கின்றனர். தன் வயிற்றில் வளரும் சிசு அவனுடையதன்று என்று அவள் கூறி அழுகிறாள். அவன் நெடிது மௌனித்து, அக்குழந்தையைத் தன் குழந்தையாகவே ஏற்பதாக உரைக்கிறான். இக்கதை நம் வீடுகளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேசத்தக்கதன்று. அதன் ஒழுக்கம் நமக்கு உடன்பாடும் அன்று. ஆயினும் அதன் கருப்பொருள் குற்றமன்று. குற்றத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்ளும் நாவும், அதைக் கேட்டபின் மன்னிக்கும் நெஞ்சுமே அதன் கருப்பொருள். சொற்கள் ஒன்றும் பாடப்படுவதில்லை. ஏறத்தாழ அரை மணி நேரம் நரம்புகளே பேசுகின்றன. சிறுமையில் தொடங்கும் சுரம் நடுவழியில் பெருமைக்கு மாறுகிறது. அந்த இடமே அவனது மறுமொழி. வாசிப்போர் திறமெல்லாம் அவ்விடத்தில்தான் உரைகல் ஏறுகிறது.

இனி, ராவிகளைக் காண்போம். முதலாமவர் 1936இல் பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் பிறந்த சுபின் மேத்தா. 1967இல் லாஸ் ஏஞ்சலீஸ் பில்ஹார்மோனிக் குழுவை நடத்தி டெக்கா நிறுவனத்துக்காக இதனைப் பதிவு செய்தார். இரண்டாமவர் ஹெர்பர்ட் வான் காரயான். 1972க்கும் 1974க்கும் இடையில் பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு, ஷோன்பெர்க்கும் அவருடைய மாணாக்கர்களான பெர்க், வேபெர்ன் ஆகியோரும் இயற்றியவற்றை நான்கு இசைத்தட்டுகளாகத் தந்தார். அவற்றுள் இதுவும் ஒன்று.

சனதை முதலில் நோக்குவோம். மேத்தா 1954இல் வியன்னா சென்று ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் பயின்றார். ஸ்வரோவ்ஸ்கியோ ஷோன்பெர்க்கிடமும் வேபெர்னிடமும் பாடம் கேட்டவர். ஆக, இயற்றியவருக்கும் மேத்தாவுக்கும் இடையில் ஒரே ஓர் ஆசிரியர்தான். 1933இல் பெர்லினை விட்டு நீங்க நேர்ந்த ஷோன்பெர்க் அடைக்கலம் புகுந்து, 1951இல் மறைந்த ஊரும் லாஸ் ஏஞ்சலீஸே. சனது இதனினும் நெருக்கமாக அமைதல் அரிது. காரயானுக்கு இத்தகைய தொடர் இல்லை.

ஆனால் சனது மட்டும் செம்மையாக இருந்தால் போதாது. மத்னையும் ஆராய்க என்பது நம் கலையின் விதி. ராவியிடம் இரு தகுதிகளை ஆலிம்கள் கேட்டனர். ஒன்று 'அதாலத்' என்னும் நேர்மை. மற்றொன்று 'ளப்து' என்னும் பிழையின்மை. ளப்தில் காரயானை விஞ்சுவது எளிதன்று. அவர் தட்டில் ஒரு நரம்பேனும் பிசகவில்லை. மிக மெல்லிய ஒலி கூட மூச்சைப்போல் கேட்கிறது. அடுக்கடுக்காய் எழும் ஒலிகள் ஒன்றையொன்று மறைப்பதில்லை. மேத்தாவின் தட்டில் அத்துணைப் பளபளப்பு இல்லை. உணர்ச்சி மிகும் இடங்களில் அவர் வேகம் சற்றே முந்துகிறது. நடுவிலுள்ள ஒலிகள் சில கரைந்து போகின்றன.

இங்கேதான் நாம் முதல் இரவில் தவறினோம். "காரயானே உயர்ந்தவர்" என்று தீர்ப்புக் கூறி எழுந்தோம். நண்பர் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் இரவு, அந்த மன்னிப்பின் இடத்தை மட்டும் இரண்டிலும் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தார். அப்போதுதான் வேறுபாடு விளங்கிற்று. காரயானிடம் அழகு தொடக்கத்திலிருந்தே நிரம்பி வழிகிறது. அவள் அழுவதும் பட்டுப்போல் அழகாயிருக்கிறது. அவன் மன்னிப்பதும் அதே பட்டுத்தான். துன்பம் துன்பமாக ஒலிக்காதபோது, மன்னிப்புக்கு விலை ஏது? மேத்தாவிடமோ முதற்பாதி கரடுமுரடாகச் செல்கிறது. கேட்போர்க்கு மூச்சு முட்டுகிறது. பின்னர் அந்தச் சுரம் மாறும்போது, கனத்த மௌனத்துக்குப் பின் ஒரு மனிதன் வாய்திறந்து பேசுவதுபோல் இருக்கிறது. அந்த இடத்தில் நண்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைக் கண்டோம். எழுத்துப் பிழையின்றி ஓதுவதும், பொருள் உணர்ந்து ஓதுவதும் வேறு வேறு என்று நம் மாணவர்க்கு நாளும் சொல்லும் நமக்கு, அதனை ஒரு கணக்கர் நினைவூட்ட வேண்டியதாயிற்று.

அதாலத் பற்றியும் சொல்லியாக வேண்டும். காரயான் நாஜிக் கட்சியின் உறுப்பினராக இருந்தவர். ஷோன்பெர்க்கின் இசையை அக்கட்சியினர் இழிந்ததென்று விலக்கினர். 1938இல் டுஸ்ஸல்டார்ஃப் நகரில் அதற்கென ஒரு கண்காட்சியே வைத்து ஏசினர். போருக்குப் பின் 1947 வரை காரயான் மேடையேறவும் தடை இருந்தது. அவரே பிற்காலத்தில், அன்று விரட்டப்பட்டவரின் இசைக்கு இத்துணை உழைப்பைச் செலுத்தினார். இது கழிவிரக்கமா, கலைஞனின் ஆசை மட்டுமா என்று நாம் துணிந்துரைக்க இயலாது. உள்ளங்களில் உள்ளதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. மாறுபட்ட கொள்கையைச் சார்ந்தோராயினும், உண்மையுரைப்பவர் என்று தெளிந்தால் அவரது அறிவிப்பை நம் ஹதீஸ் அறிஞருள் பலர் ஏற்றனர். ஆனால் அவர் இன்ன கொள்கையினர் என்பதை மறைக்காமல் எழுதியும் வைத்தனர். ரிஜால் நூல்களின் பெருமை அதுவே. நாமும் அவ்வழியே நின்று, காரயானின் தட்டைப் புறந்தள்ளவும் மாட்டோம். அவர் வரலாற்றை மறைக்கவும் மாட்டோம்.

ஆகவே நம் முடிபு இது: இவ்விசையின் அமைப்பைக் கற்க விரும்புவோர் காரயானைக் கேட்க. அதன் பொருளை உணர விரும்புவோர் மேத்தாவைக் கேட்க. ஒன்றே கிடைக்குமெனில், பம்பாய்க்காரரின் தட்டையே நாம் தேர்வோம். அவர் நம் நாட்டவர் என்பதற்காக அன்று. மன்னிப்பு எளிதன்று என்பதை அவர் வாசிப்பு மறைக்காமல் சொல்லுகிறது என்பதற்காகவே.

மூன்றாம் இரவு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கடைசிப் பேருந்தில் திரும்பினோம். மேற்கே மலைத்தொடர் நிலவில் கருத்துக் கிடந்தது. நெடுநாளாய்ப் பேசாதிருக்கும் உறவினர் ஒருவரின் முகம் ஏனோ மனத்தில் வந்து நின்றது. விடிந்ததும் அவருக்கு ஒரு கடிதம் எழுதினோம்.