புறங்காட்டும் கலை

2015 ஜூலை 5, வான்கூவர். மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டம் தொடங்கிப் பதினாறு நிமிடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அமெரிக்கா நான்கு கோல், ஜப்பான் பூஜ்யம். கார்லி லாயிட் மட்டும் மூன்று அடித்திருந்தார், அதில் ஒன்று நடுக்கோட்டிலிருந்து. அந்த ஆட்டத்தைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது 27-ஆவது நிமிடத்துக்காக.

வலப்புறமிருந்து ஜப்பானின் நஹோமி கவாசுமி பந்தை உள்ளே அனுப்புகிறார். கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யூகி நாகசாட்டோ நிற்கிறார். (திருமணமான பிறகு சில ஆண்டுகள் ஒகிமி என்ற பெயரில் ஆடினார்; அன்று சட்டையில் இருந்தது அந்தப் பெயர்தான்.) அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஜூலி ஜான்ஸ்டன், அந்தத் தொடரில் எல்லாரும் புகழ்ந்த தடுப்பாட்டக்காரர். பந்து வருகிறது. நாகசாட்டோ அதை நிறுத்துகிறார், திரும்புகிறார், இடக்காலால் வளைத்து விடுகிறார். அமெரிக்கக் கோல்கீப்பர் ஹோப் சோலோ பாய்ந்தும் எட்டவில்லை. அந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் 27-ஆவது நிமிடத்தில் ஆஸ்திரேலியாவிடம் வாங்கியதற்குப் பிறகு அமெரிக்கா வாங்கிய முதல் கோல் அது. இடையில் ஓடியவை சரியாக 540 நிமிடங்கள்.

ஆட்டம் 5-2 என்று முடிந்தது. தோற்ற ஆட்டத்தின் கோலை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. ஆனால் ஸ்ட்ரைக்கரின் தொழில் என்னவென்று கேட்பவருக்கு நான் அதைத்தான் காட்டுவேன்.

புறமுதுகு காட்டுவது நம் வீரக்கதைகளில் பெரும் பழி. கால்பந்தில் அதுவே ஒரு வித்தை, அதுவும் எளிதில் கைவராத வித்தை. எதிர்கொண்டு ஓடிவரும் வீரருக்கு கோல் கண்ணெதிரே இருக்கிறது. முதுகு காட்டி நிற்பவருக்கு அது நினைவில் மட்டுமே இருக்கிறது. பந்து வருவதற்கு முன்னாலேயே தோளுக்கு மேல் ஒருமுறை பார்த்து, கோல்கீப்பர் எங்கே, இடைவெளி எங்கே என்று மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு கண்ணுக்கு வேலை பந்தோடு மட்டும்தான். மற்றதையெல்லாம் முதுகு சொல்லவேண்டும். நெரிசலான டவுன் பஸ்ஸில் பின்னால் நிற்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று திரும்பிப் பார்க்காமலே நமக்குத் தெரிகிறதல்லவா, அதுபோல. தடுப்பாட்டக்காரர் வலத்தோளில் அழுத்தினால் இடப்பக்கம் வழி திறந்திருக்கிறது என்று பொருள். பந்தை நிறுத்தும் அந்த முதல் தொடுகையே திரும்பும் திசையையும் முடிவு செய்துவிடுகிறது. நிறுத்திவிட்டு யோசிப்பவருக்கு அந்த இடத்தில் வேலையில்லை.

நாகசாட்டோ 1987-இல் கனகாவா மாகாணத்தின் அட்சுகியில் பிறந்தவர். அண்ணன் கென்கியும் தங்கை அசானோவும் கால்பந்து ஆடியவர்கள்தான். பதின்ம வயதிலேயே டோக்கியோவின் பெலேசா கிளப். பதினாறு வயதில் தேசிய அணி. பெலேசா அன்று ஜப்பானிய மகளிர் கால்பந்தின் நாற்றங்கால். சிறு சிறு பாஸ், காலடியில் ஒட்டிய பந்து, எதிரியைத் தொடாமலே நழுவிப் போவது: இதுதான் அங்கே பாடம். அந்த நளினத்துக்கு 2011 உலகக் கோப்பையில் ஒரு சான்று உண்டு. போகுமில் நியூசிலாந்துக்கு எதிரான முதல் ஆட்டம், ஆறாவது நிமிடம். ஷினோபு ஓனோ கொடுத்த பந்தை நாகசாட்டோ கோல்கீப்பரின் தலைக்கு மேலாக மெல்லத் தூக்கிவிட்டார். கோப்பையை வென்ற அந்தப் பயணத்தின் முதல் கோல்.

அதற்குப் பிறகு அந்தத் தொடர் அவருக்கு இனிக்கவில்லை. அரையிறுதியில் அவரை உட்கார வைத்துக் கவாசுமியை இறக்கினார்கள். கவாசுமி ஸ்வீடனுக்கு எதிராக இரண்டு அடித்தார். இறுதியாட்டத்தில் நாகசாட்டோ 66-ஆவது நிமிடத்தில் மாற்று வீராங்கனையாக வந்தார். பெனால்டி முடிவின்போது அவர் அடித்ததை சோலோ தடுத்தார். ஜப்பான் பக்கம் தவறியது அது ஒன்றுதான். நாடே கொண்டாடிய இரவில் அவர் கழுத்திலும் தங்கப் பதக்கம் தொங்கியது. அது எவ்வளவு கனத்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

அப்போது அவர் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஆடிக்கொண்டிருந்தார். கிழக்கு ஜெர்மனிக் காலத்திலிருந்து அந்த அணியை வளர்த்த பெர்ண்ட் ஷ்ரோடர்தான் பயிற்சியாளர். ஓட்டமும் உடல்வலுவும் அவருடைய மதம். 2010-இல் நாகசாட்டோ போய்ச் சேர்ந்த சில மாதங்களில், கெட்டாஃபேயில் லியோனைப் பெனால்டியில் வென்று போட்ஸ்டாம் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது. கோப்பைகளைவிட, அங்கே அவருக்குக் கிடைத்த இடிபாடுதான் என் கணக்கில் பெரியது. நழுவிப் போகத் தெரிந்தவருக்கு, இடித்துக்கொண்டு நிற்கவும் தெரிந்தது. 2012-13 பருவத்தில் 18 கோல் அடித்து ஜெர்மன் லீக்கின் முதலிடத்தில் நின்றார். வான்கூவரில் ஜான்ஸ்டனின் பாரத்தைத் தாங்கி நின்ற இடுப்பு போட்ஸ்டாமில் செய்தது. திரும்பிய கால் டோக்கியோவில் செய்தது.

நடுவே லண்டன் ஒலிம்பிக் இருக்கிறது. காலிறுதியில் சக வீராங்கனை ஹொமாரே சவா சட்டென எடுத்த ஃப்ரீ கிக்கைப் பிரேசில் விழித்துக்கொள்வதற்குள் ஓடி எடுத்து அடித்தார். அரையிறுதியில் பிரான்ஸின் கோல்கீப்பர் கைநழுவவிட்ட பந்தை உள்ளே தட்டினார். வெம்ப்லியில் எண்பதாயிரம் பேர் பார்த்த இறுதியாட்டத்தில், அமெரிக்கக் கோல் வாசலில் நடந்த களேபரத்திலிருந்து ஒன்று. மூன்றில் இரண்டு பார்க்க அழகான கோல்கள் அல்ல. சிதறியதைப் பொறுக்கியவை. ஆனால் பந்து சிதறும் இடத்தில் முன்கூட்டியே நிற்பதையும் நான் கலை என்றே சொல்வேன். அதிர்ஷ்டம் என்பவர்கள் அவர் அந்த இடத்துக்கு எப்போது கிளம்பினார் என்று பார்க்காதவர்கள்.

செல்சி, வுல்ஃப்ஸ்பர்க், ஃபிராங்ஃபர்ட் எல்லாம் கடந்து 2017-இல் சிகாகோ. அங்கேதான் நான் எதிர்பார்க்காத நாகசாட்டோ தெரிந்தார். ஆஸ்திரேலியாவின் சாம் கெர் அணிக்கு வந்தபோது இவர் ஓரடி பின்வாங்கிக்கொண்டார். அதே முதுகு, அதே காத்திருப்பு. ஆனால் இப்போது திரும்பி அடிப்பதில்லை, திரும்பாமலே கெர்ரின் ஓட்டத்துக்குப் பந்தை விடுகிறார். 2019-இல் கெர் 18 கோல் அடித்தார். செய்தித்தாள்கள் அவற்றை எண்ணின. அவற்றில் பலவற்றில் கடைசிக்கு முந்தைய தொடுகை யாருடையது என்று பார்த்தால் நாகசாட்டோவின் பெயர் வரும். முப்பது வயதைத் தாண்டிய ஸ்ட்ரைக்கர்களில் பெரும்பாலோர் வேகம் குறைந்ததை மறைக்கப் பார்ப்பார்கள். இவர் வேகம் தேவைப்படாத இடத்துக்கு நகர்ந்துவிட்டார்.

ஜப்பானுக்காக 132 ஆட்டங்கள், 58 கோல். ஆனாலும் ஹொமாரே சவாவின் பெயர் தெரிந்த பலருக்கு இவர் பெயர் தெரியாது. சவா தலைவி, 2011-இன் முகம், அதில் தகராறில்லை. தன் அணி வென்ற இறுதியில் பெனால்டியை விட்டு, தோற்ற இரண்டு இறுதிகளிலும் கோல் அடித்தவரை நினைவில் வைப்பது ரசிகர்களுக்குச் சிரமம்தான்.

2020-இல், முப்பத்துமூன்று வயதில், அவர் ஊருக்குத் திரும்பி அட்சுகியின் ஹயபூசா லெவன் அணியில் சேர்ந்தார். அது ஆண்கள் அணி, அப்போது கனகாவா மாகாண லீக்கில் ஆடியது. அண்ணன் கென்கி ஆடிய அணியும் அதுவே. விளம்பர வித்தை என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. முதுகில் வந்து சாயும் பாரத்தைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர், அதைவிடப் பெரிய பாரம் எங்கே கிடைக்கும் என்று தேடிப் போனதில் என்ன விந்தை? அடுத்த ஆண்டு அமெரிக்க மகளிர் லீக்குக்கே திரும்பினார், லூயிவில் அணிக்கு.