இரட்சணிய யாத்திரிகத்தில் தன்வலியும் இறைவலியும்

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி என வலியை நான்காக வகுத்து, அவற்றைத் தூக்கிச் செயற்பட வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. அந்நான்கனுள் இறைவலிக்கு இடமில்லை. ஆள்வினையுடைமையோ, தெய்வம் கைகூட்டாத வினையிலும் மெய்வருந்திய முயற்சி தன் கூலியைத் தரும் என்று துணிகிறது. புறத்திணையில் வீரன் நெடுமொழி கூறுகிறான், வஞ்சினம் உரைக்கிறான். முயற்சியையும் தன்வலியையும் இவ்வாறு போற்றிய மொழியில், தலைவன் தன்வலி இழந்து இறைவலியால் உய்வதையே பொருளாகக் கொண்ட ஒரு பெருங்காப்பியம் எழுந்தது. அதுவே எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். தன் செயலற்றவன் காப்பியத் தலைவனாதல் எவ்வாறு என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் ஆசிரியரும்

கிருஷ்ணபிள்ளை 1827இல் நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில், வைணவ வேளாளர் குடியில் பிறந்தார். கம்பராமாயணத்தில் ஆழ்ந்த புலமையுடையவர். 1858இல் கிறிஸ்தவ சமயம் தழுவினார். இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் கொண்டது. ஆங்கிலத்தில் ஜான் பனியன் எழுதி, 1678இல் முதற்பகுதி வெளியான உரைநடை உருவக நூலே இதற்கு மூலம். மூலநூலின் நிகழ்ச்சி நிரலைத் தமிழ்ப்புலவர் பெரும்பாலும் பின்பற்றுகிறார். ஆயினும் இது மொழிபெயர்ப்பு அன்று, வழிநூல்.

மூலத்தில் வலியின்மை

பனியனின் பயணி தொடக்கத்திலிருந்தே தன்னால் இயலாதவன். அவநம்பிக்கை என்னும் உளையில் விழுகிறான். எத்துணை முயன்றும் கரையேற இயலவில்லை. பிறனொருவன் கைகொடுத்துத் தூக்குகிறான். ஒழுக்கத்தால் முதுகுச் சுமையை இறக்கலாம் என்ற உலகியலறிஞன் சொற்கேட்டு வழிமாறுகிறான். மலை தன்மேல் சரியுமோ என்று நடுங்கி நிற்கிறான். ஈற்றில் சிலுவையின் முன் நின்ற அளவில் சுமை தானே அவிழ்ந்து உருள்கிறது. அவன் அதனை அவிழ்க்கவில்லை.

இக்கருத்தை விளக்கும் காட்சி ஒன்று பயணிக்குக் காட்டப்படுகிறது. சுவரோரம் தீ எரிகிறது. ஒருவன் அதன்மேல் ஓயாது நீர் சொரிகிறான். தீயோ மேன்மேலும் ஓங்குகிறது. சுவரின் மறுபுறம் சென்று பார்த்தால், அங்கே ஒருவன் மறைந்து நின்று எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கிறான். காண்பவர்க்குத் தீயின் ஆற்றலாகத் தோன்றுவது, மெய்யாக வார்ப்பவனின் அருளே. நூல் முழுவதற்கும் இக்காட்சியே திறவுகோல் என்பது நம் கருத்து.

வீரம் உண்டா?

இவ்விடத்து ஒரு தடை எழுகிறது. யாவும் அருளின் செயலாயின், தலைவன் வெறும் பாவை ஆகானோ? பாவைக்கு வீரம் ஏது? வீரமின்றிக் காப்பியம் ஏது?

அப்பொல்லியோனோடு நிகழும் போரை எடுத்துக்கொள்வோம். பகைவனைக் கண்டு அஞ்சிய பயணி, திரும்பி ஓடலாமா என்று எண்ணுகிறான். முதுகுக்குக் கவசம் இல்லை என்பதை நினைந்து எதிர்நிற்கிறான். புறப்புண்ணுக்கு நாணிய மறவரை அறிந்த தமிழ் மாணவர்க்கு இந்நிலை புதியதன்று. எனினும் வேறுபாடு நுட்பமானது. புறத்திணை மறவன் மானத்தால் நிற்கிறான். பயணியோ தனக்கு அளிக்கப்பட்ட கவசத்தின் அமைப்பால் நிற்கிறான். கவசமும் வாளும் அவனுடையன அல்ல. வழியிலுள்ள மாளிகையில் பெற்றவை. நிற்க வேண்டியவன் அவனே. நிற்கச் செய்தது பிறர் ஈந்த பொருள்.

போர் அரைநாளுக்கு மேல் நீள்கிறது. தலையிலும் கையிலும் காலிலும் அவன் புண்படுகிறான். ஈற்றில் வாளும் கைநழுவி வீழ்கிறது. பகைவன் இறுதி அடி ஓங்கும் வேளையில், இறைவன் திருவுளத்தால், கைநீட்டி வாளைப் பற்றிக் குத்துகிறான். கை அவனது, பற்றக் கிடைத்தது அருள். இவ்விரண்டையும் பனியன் பிரிக்கவில்லை. ஆகவே, இறைவலியைச் சார்தல் என்பது போர் செய்யாதிருத்தல் அன்று. போரின் வெற்றியைத் தன்னுடையதாக எண்ணாதிருத்தலே ஆம். வாயில் வழி வாராது மதிலேறிக் குதித்து வருவோரையும் பனியன் பழிக்கிறார் ஆதலின், அருளின் பெயரால் சோம்பியிருத்தலுக்கு இங்கு இடமில்லை. தலைவன் பாவை அல்லன் என்பது போதரும்.

வைணவச் சொல்மரபு

கிருஷ்ணபிள்ளைக்கு இச்சிக்கல் புதியதன்று. வைணவம் இதனை நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி, தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக் குட்டி என்னும் இரு நியாயங்களைக் கொண்டு, வடகலையாரும் தென்கலையாரும் அருளுக்கும் முயற்சிக்கும் உள்ள தொடர்பை வேறுவேறாக விளக்கினர். முதலையின் வாய்ப்பட்ட யானை தன்வலி உள்ளளவும் இழுத்துப் போராடி, அது ஒடுங்கிய பின்னரே ஆதிமூலத்தை அழைத்த வரலாறும் புலவர் இளமையிலேயே அறிந்ததாதல் வேண்டும். வாள் நழுவிய பயணியும் வலி ஒடுங்கிய யானையும் ஒருநிலையரே.

இவ்வொப்புமை கொண்டு, இந்நூல் பெயர் மாறிய வைணவமே எனக் கூறத் தோன்றலாம். அது பொருந்தாது. ஆற்றாமையை உரைக்கும் சொல் இரு மரபுக்கும் பொதுவாகலாம். ஆற்றல் வெளிப்படும் முறை பொதுவன்று. யானையைக் காக்க வந்த இறைவன் ஆழி ஏந்தி வருகிறான். அவன் வலி வலியாகவே தோன்றுகிறது. கிறிஸ்தவ மரபிலோ இறைவலி, மெலிவின் வடிவில் தோன்றுகிறது. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரம், தம் உடலில் தைத்த முள் நீங்க மும்முறை வேண்டியும் அது நீக்கப்படாமையையும், அப்பலவீனத்திலேயே இறைவனின் வல்லமை நிறைவுறும் என்ற விடையையும் கூறுகிறது. துன்பத்தை நீக்கும் வலி அன்று, துன்பத்துள் நிற்கும் வலியே அங்குப் பேசப்படுகிறது.

இரட்சணிய சரிதம்

இவ்வேறுபாட்டைப் புலவர் தெளிவாக உணர்ந்திருந்தார் என்பதற்கு, அவர் மூலத்துடன் சேர்த்த பகுதியே சான்று. பனியன் நூலில் சிலுவைக் காட்சி சுருக்கமானது. அவர்தம் வாசகர் விவிலியக் கதையை அறிந்தவர். கிருஷ்ணபிள்ளை, கிறிஸ்துவின் பாடுகளை விரித்துரைக்கும் இரட்சணிய சரிதத்தை ஒரு படலமாகவே குமார பருவத்தில் அமைத்தார். அங்கே, எல்லாம் வல்லவர் என்று போற்றப்படுபவர் கட்டுண்டு நிற்கிறார். ஏளனத்தை வாய்வாளாது ஏற்கிறார். வலியுடையோன் வலியைச் செலுத்தாதிருத்தல் என்னும் இந்நிலை, குறளின் பொறையுடைமையைக் கற்ற தமிழர் நெஞ்சில் எளிதில் பதியும். பயணியின் வலியின்மைக்கு இறைவனின் பொறையே மருந்தாக வைக்கப்படுதலின், இச்சேர்க்கை வெறும் விரிவன்று. காப்பியத்தின் அச்சாணி என்க.

தேவாரங்கள்

இரண்டாவது சேர்க்கை, கதையின் இடையிடையே அமைந்த தேவாரப் பதிகங்கள். விருத்தம் நிகழ்ச்சியைச் சொல்ல, பதிகம் நிகழ்ச்சியை நிறுத்தி இறைவனை நோக்கிப் பேசுகிறது. செயல் ஓயும் இடத்தில் விண்ணப்பம் தொடங்குகிறது. சார்ந்து நிற்றல் என்னும் கருத்து, பொருளால் மட்டுமன்றி யாப்பாலும் இங்ஙனம் உணர்த்தப்படுகிறது. உரைநடையில் எழுதிய பனியனுக்கு இவ்வளவில் வாய்க்காத பேறு, பாசுரமும் பதிகமும் கேட்டு வளர்ந்த தமிழ்ப்புலவர்க்கு வாய்த்தது.

ஒரு குறை

எனினும் நூல் முற்றும் ஒருதன்மைத்தாக வெற்றி பெற்றது என்று சொல்ல இயலாது. கம்பரைப் பின்பற்றிய வருணனையும் அணிகளும் சில இடங்களில் மிகுகின்றன. ஆற்றாமையைக் கூறும் இடத்தில் புலவரின் சொல்லாற்றல் முன்வந்து நிற்குமாயின், கூறப்படும் பொருளுக்கும் கூறும் முறைக்கும் முரண் தோன்றும். அணி குறைந்து நெஞ்சம் உருகும் பதிகங்களே இக்கருத்துக்கு உற்ற கலம் எனத் துணியலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இரட்சணிய யாத்திரிகம் குறள் கூறும் நால்வகை வலிக்கு ஐந்தாவது ஒன்றைச் சேர்க்கிறது எனலாம். அது மற்ற நான்கையும் மறுப்பதன்று. அவை தீர்ந்த இடத்தில் தொடங்குவது. காப்பியத் தலைவனின் வீரம் வெல்வதில் இல்லை; தன் வெறுங்கையை மறைக்காது நீட்டுவதில் இருக்கிறது. தமிழ்க் காப்பிய மரபில் இவ்வகைத் தலைவனைப் படைத்தமையே கிருஷ்ணபிள்ளையின் தனிச்சிறப்பு. இந்நூலை மொழிபெயர்ப்பு வரலாற்றின் ஒரு பக்கமாக மட்டும் கற்பித்து அமையாது, அருளும் முயற்சியும் பற்றிய தமிழரின் நெடிய சிந்தனையில் வைத்துக் கற்பித்தல் நம் கடன்.