அன்றிரவு யார் என்ன சாப்பிட்டார்கள்?

பிளாக்வுட் குடும்பத்தில் ஒரே இரவில் நான்கு சாவு. அப்பா, அம்மா, அப்பாவின் சகோதரர் மனைவி, பத்து வயதுப் பையன் ஒருவன். சாப்பாட்டின் கடைசியில் வந்த பிளாக்பெர்ரிப் பழங்களின் மேல் தூவிக்கொண்ட சர்க்கரையில் ஆர்செனிக் கலந்திருந்தது. மூத்த மகள் கான்ஸ்டன்ஸ் சர்க்கரை சேர்த்துக்கொள்வதில்லை, தப்பினாள். பன்னிரண்டு வயது மெர்ரிகாட்டை ஏதோ தப்புக்காகச் சாப்பாடு கிடையாது என்று மாடிக்கு விரட்டியிருந்தார்கள், அவளும் தப்பினாள். அப்பாவின் சகோதரர் ஜூலியன் கொஞ்சமாகத் தூவிக்கொண்டதால் உயிர் மட்டும் மிஞ்சியது, சக்கர நாற்காலியோடு. போலீஸ் வருமுன் கான்ஸ்டன்ஸ் சர்க்கரைக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, உள்ளே சிலந்தி இருந்தது என்றாள்.

ஷெர்லி ஜாக்சன் 1962-இல் வெளியிட்ட ‘வீ ஹாவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் த காஸில்’ நாவல், இதெல்லாம் நடந்து ஆறு வருடம் கழித்துத் தொடங்குகிறது. கான்ஸ்டன்ஸ் வழக்கிலிருந்து விடுதலையாகிவிட்டாள். மிஞ்சிய மூவரும் ஊரை ஒதுக்கி, ஊரால் ஒதுக்கப்பட்டு, அதே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். (அப்பாவின் சகோதரர் என்று இழுத்து எழுதவேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்றால் வேலை முடிந்தது. பெரியப்பாவா சித்தப்பாவா என்று தெரியாமல் நமக்கோ பக்கம் நகராது.)

இந்த ஜூலியனை நான் விடுவதாக இல்லை. மனிதர் தினமும் அந்த ஒரு நாளைப் பற்றியே குறிப்பெழுதுகிறார். யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் என்ன பேசினார்கள், எதை எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்று அந்த ஒரு நாளுக்கு ஒரு பெட்டி நிறையக் காகிதம். டீ குடிக்க வந்த பெண்மணி ஒருத்தி பயமும் ஆசையுமாகக் கேட்கக் கேட்க, கதையை அவ்வளவு ருசித்துச் சொல்கிறார். நடுவில் அவருக்கே சந்தேகம் வந்துவிடும். அது உண்மையிலேயே நடந்ததா என்று கான்ஸ்டன்ஸைக் கூப்பிட்டுக் கேட்பார். எல்லாவற்றையும்விட விசித்திரம், சின்னவள் மெர்ரிகாட் அநாதை விடுதியிலேயே இறந்துவிட்டாள் என்று அவர் நம்பிக்கொண்டிருப்பது. அவள் அதே வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறாள். சர்க்கரையில் விஷம் வைத்தவளும் அவள்தான். (இதைச் சொன்னதால் நாவல் கெட்டுப்போகாது, பாதி வழியிலேயே எவரும் ஊகித்துவிடலாம்.) எல்லாத் தகவலும் கைவசம் இருக்கிற ஆளுக்குக் கண்ணெதிரே இருக்கிற ஆள் தெரியவில்லை.

சாவும் குடும்பமும் கலந்த இருள்கதைகளை விழுந்து விழுந்து படிக்கிறவர்கள் ஜூலியனின் சொந்தக்காரர்கள் என்பது என் எண்ணம். நானும் அந்த வம்சம்தான். அதனால் இந்தப் பழக்கத்தின் நல்லது கெட்டது இரண்டையும் கொஞ்சம் உள்ளிருந்தே பேசலாம்.

இந்த வகை எழுத்து பிறந்ததே ஒரு கல்யாண நாள் சாவில். ஹொரேஸ் வால்போல் 1764 டிசம்பரில் ‘த காஸில் ஆஃப் ஒட்ராண்டோ’வைத் தன் பெயரை மறைத்து, ஏதோ பழைய இத்தாலியக் கதையின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி வெளியிட்டார். விற்பனை நன்றாக இருக்கவே அடுத்த ஆண்டுப் பதிப்பில் குட்டை உடைத்து, ‘கோதிக் கதை’ என்று துணைத்தலைப்பும் போட்டார். மாப்பிள்ளை முற்றத்தில் நசுங்கிக் கிடக்கிறான், மேலே வானத்திலிருந்து விழுந்த பிரம்மாண்டமான தலைக்கவசம். மகன் பிணம் ஆறுமுன் அப்பன் அந்த மணப்பெண்ணைத் தானே கட்டிக்கொள்ளக் கிளம்புகிறான். கடைசியில் அவள் என்று நினைத்துச் சொந்த மகளையே குத்திக் கொல்கிறான். இன்றைக்குப் படித்தால் தலைக்கவசத்துக்குச் சிரிப்புத்தான் வரும். அந்த அப்பனுக்கு வராது. ஆவி, சுரங்கவழி, நடக்கும் ஓவியம் எல்லாம் தோரணம். வம்சம் அறுந்துபோகுமே என்ற பயத்தில் பெற்ற பிள்ளைகளையே காவு கொடுக்கிற தகப்பன்தான் உள்ளே இருக்கும் சரக்கு.

எட்கர் ஆலன் போ 1839-இல் எழுதிய அஷர் வீட்டின் வீழ்ச்சிக் கதையில், ஊர் மக்களுக்கு அந்த வீடு என்றால் கட்டடமும் வம்சமும் ஒன்றாகவே அர்த்தமாகும் என்று ஒரு செய்தி வருகிறது. நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். ‘அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டோம்’ என்று சொல்கிறவர் செங்கல்லையா சொல்கிறார்?

இந்த வாசிப்பின் பெரிய பலம் எதுவென்றால், செத்தவர்மேல் கோபப்பட இடம் கொடுக்கிறது. நம் தெருமுனையில் கட்டுகிற கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ்களில் கெட்டவர் ஒருவர்கூட இல்லை. குடிகாரரும் அங்கே குலவிளக்கு. இரங்கற்பா, நினைவு மலர் எல்லாம் அப்படித்தான். பல வருடம் படுக்கையில் கிடந்தவர் போய்ச் சேர்ந்ததும் வீட்டில் இருப்பவர்களுக்கு வருகிற பெருமூச்சை எந்த மலரில் அச்சடிப்பது?

ஸ்டீஃபன் கிங்கின் ‘பெட் செமட்டரி’ (1983) அதை அச்சடித்தது. மெய்ன் மாநிலத்தில் லாரிகள் பறக்கும் ஒரு சாலையோர வீட்டில் கிங் குடியிருந்தபோது மகளின் பூனை அடிபட்டுச் செத்தது. சின்னப் பையன் அதே சாலையை நோக்கி ஓடினான், பிடித்து நிறுத்திவிட்டார். பிடிக்காமல் போயிருந்தால் என்ற ஒரு கேள்வியிலிருந்து எழுந்த நாவல். எழுதி முடித்ததும் அவருக்கே தாங்கவில்லை, பரணில் போட்டுவிட்டார். பதிப்பகத்துக்கு ஒப்பந்தப்படி ஒரு புத்தகம் பாக்கி இருந்ததால்தான் வெளியே வந்தது.

அந்த நாவலில் என்னை உலுக்கியது மகனைத் தோண்டியெடுக்கும் தகப்பன் அல்ல, அவன் மனைவி ரேச்சல் சொல்லும் பழைய கதை. அவளுடைய அக்கா ஸெல்டாவுக்கு முதுகுத்தண்டில் மூளைக்காய்ச்சல். வீட்டுப் பின்கட்டு அறையில் யாருக்கும் தெரியாமல் கிடத்தியிருக்கிறார்கள். எட்டு வயது ரேச்சலைக் காவலுக்கு வைத்துவிட்டு அப்பா அம்மா வெளியே போயிருந்த நேரத்தில் ஸெல்டா சாகிறாள். ரேச்சல் தெருவுக்கு ஓடுகிறாள். அழுதேனா, சிரித்தேனா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. அக்கா செத்தால் தேவலை என்று வீடு முழுக்க நினைத்துக்கொண்டிருந்ததை, பெரியவளான பிறகும் வெகுகாலம் அவளால் கணவனிடம்கூடச் சொல்ல முடியவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்ட எந்த வீட்டிலும் இந்த உண்மை இருக்கிறது, சுவருக்குள் ஓடும் கரையான் மாதிரி. வேறெந்த வகை எழுத்து இதை இவ்வளவு பச்சையாகச் சொல்லியிருக்கும்?

ஆனால் அதே இடத்தில்தான் கிங் சறுக்கவும் செய்கிறார். வளைந்துபோன அந்த நோயாளிப் பெண்ணின் உடம்பையே பூதமாக்கி, பின்னால் வாசகனைப் பயமுறுத்தத் திரும்பத் திரும்ப நடமாட விடுகிறார். குற்ற உணர்ச்சி ரேச்சலுடையது. தண்டனை ஸெல்டாவின் முதுகுத்தண்டுக்கு. செத்தவர்களை எழுப்பித் தரும் மண்ணும் மிக்மாக் பழங்குடிகளின் பழைய இடுகாடு. வெள்ளைக்கார டாக்டர் வீட்டுத் துயரத்துக்கு அடியில், மண்ணைப் பறிகொடுத்தவர்களின் மண்ணை மேடையாகப் போட்டுக்கொள்கிறது கதை. அந்த மக்கள் யாரும் மேடைக்கு வருவதில்லை.

இது கிங் மட்டும் செய்த தப்பில்லை, இந்த வகையின் பரம்பரை வியாதி. ‘ஜேன் ஐர்’ (1847) நாவலில் நாயகன் மேல்மாடியில் அடைத்துவைத்த மனைவி பெர்த்தா ஒரு சிரிப்பாகவும் நெருப்பாகவும் மட்டுமே வருகிறாள். மேற்கிந்தியத் தீவிலிருந்து கொண்டுவந்த அந்த மனைவிக்கும் ஒரு குழந்தைப்பருவம் இருந்தது என்று, அதே தீவுப்பகுதியில் பிறந்த ஜீன் ரீஸ் 1966-இல் இன்னொரு நாவல் எழுதிச் சொல்லவேண்டியிருந்தது.

இந்தப் படிப்பின்மேல் நான் அறிந்த கூர்மையான விமர்சனம் ஒரு விமர்சகர் எழுதியதல்ல. ஜேன் ஆஸ்டின் இறந்த பிறகு 1817 கடைசியில் வெளிவந்த ‘நார்தேங்கர் அபி’யில் இருக்கிறது. காதரின் என்ற பதினேழு வயதுப் பெண், ஆன் ராட்கிளிஃபின் ‘உடால்ஃபோ’ நாவலில் கறுப்புத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று தவித்துக்கொண்டிருப்பவள். ஜெனரல் டில்னியின் மாளிகைக்கு விருந்தாளியாகப் போகிறாள். இரவில் பழைய அலமாரியைக் குடைந்து சுருட்டிய காகிதங்களைக் கண்டெடுக்கிறாள், விளக்கு அணைந்துவிடுகிறது, விடியும்வரை நடுங்குகிறாள். காலையில் பார்த்தால் சலவைக் கணக்கு. இத்தனைக்கும் அடங்காமல், ஜெனரல் தன் மனைவியைக் கொன்றிருப்பார், இல்லை எங்கோ அடைத்துவைத்திருப்பார் என்று முடிவுகட்டி, இறந்தவளின் அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறாள். வெளிச்சமான, துப்புரவான சாதாரண அறை. அவமானப்பட்டுத் திரும்புகிறாள்.

இதோடு நின்றால் வெறும் கேலி. ஆஸ்டின் நிற்கவில்லை. காதரினுக்குப் பெரிய சொத்தில்லை என்று தெரிந்த கணமே ஜெனரல் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறார், துணைக்கு ஆள்கூட இல்லாமல், எழுபது மைல் வண்டிப் பயணத்துக்கு. கொலைகாரர் இல்லைதான். ஆனால் அந்த வீட்டில் பிள்ளைகள் அப்பா உள்ளே வந்ததும் வாயடைத்துப்போவதை, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவதை அவள் சரியாகவே மோப்பம் பிடித்திருந்தாள். மூக்கு சரி, குற்றப்பத்திரிகை தப்பு.

இருள்கதை வாசகனின் நிலைமை இதுதான் என்று தோன்றுகிறது. வீட்டுக்குள் இருக்கும் பயத்தை மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிற அதே படிப்பு, ஒவ்வொரு சாவுக்கும் பின்னால் ஒரு கை இருந்தே ஆகவேண்டும் என்றும் பழக்கிவிடுகிறது. யாரோ செய்த பாவம், யாரோ மறைத்த ரகசியம், பூட்டிய ஓர் அறை. காரணமில்லாத சாவு இந்தக் கதைகளுக்குத் தெரியாது.

எங்கள் அப்பா ஒரு விடியற்காலையில் போனார். எழுபத்தொரு வயது, தூக்கத்தில். மூன்றாம் நாள் நான் ஒரு பழைய டைரியின் வெற்றுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ராத்திரி ஒன்பதுக்கு இரண்டு இட்லி, மிளகாய்ப்பொடி. ரத்த அழுத்த மாத்திரை போட்டாரா? அட்டையில் ஒன்று கூடுதலாக இருக்கிறதே. பதினொன்றரைக்கு இருமல் சத்தம் கேட்டது, நான் எழுந்து போகவில்லை. அம்மாவை இரண்டு முறை குறுக்கு விசாரணை செய்தேன். இரண்டாம் முறை பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். அப்போதுதான் உறைத்தது, நான் ஜூலியனின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று. முப்பது வருடம் படித்த கதைகள் என்னைத் துக்கத்துக்குத் தயார்செய்யவில்லை, புலன்விசாரணைக்குத்தான் செய்திருந்தன. பத்திரமான இடத்திலிருந்து பயந்து பழகினால் நிஜம் வரும்போது தாங்கலாம் என்று இந்த வாசிப்புக்கு ஆதரவாகச் சொல்வார்கள். என் அளவில் அது பொய்.

பின் ஏன் ஜாக்சனுக்குத் திரும்பினேன்? அவர் அந்தப் புதைகுழியை எட்டப்போய்த் தாண்டியிருக்கிறார் என்பதால். கொலையாளியைக் கையில் கொடுத்துவிட்டு, ஏன் கொன்றாள் என்பதை நாவல் முழுக்க ஜாக்சன் சொல்வதே இல்லை. அவர்கள் சாகவேண்டியவர்கள்தான் என்று கான்ஸ்டன்ஸ் போலீஸிடம் ஒரு வார்த்தை விட்டதோடு சரி. அந்த வீட்டில் என்ன நடந்தது, ஒரு குழந்தை எதற்காக விஷத்தைக் கையில் எடுத்தாள் என்பதெல்லாம் வெளியே தெரியாது. குற்றப்பத்திரிகை முழுமையாக இருக்கிறது, அதனால் ஒன்றும் விளங்குவதில்லை. ஜூலியனின் பெட்டிக் காகிதங்களை ஜாக்சன் மெல்லக் கேலி செய்கிறார், நம்மையும் சேர்த்து.

அந்த வீட்டு நிலவறையில் பிளாக்வுட் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவைத்த ஜாம், ஊறுகாய் ஜாடிகள் வரிசைவரிசையாக நிற்கின்றன. கான்ஸ்டன்ஸும் அதே வரிசையில் புதிது அடுக்குகிறாள். பழையதைச் சாப்பிட்டால் சாவோம் என்று தங்கையை எச்சரிக்கிறாள், தூக்கிப்போடவும் மாட்டாள். குடும்பம் என்பதற்கு இதைவிட நல்ல படத்தை நான் இந்த வகை எழுத்தில் பார்க்கவில்லை. பேய் கிடையாது, சங்கிலிச் சத்தம் கிடையாது. நிறம் மங்காமல் மின்னும் கண்ணாடி ஜாடிகள்.

நாவலின் முடிவில் வீடு தீப்பிடிக்கிறது. அணைக்க வந்த ஊர் மக்களே பிறகு கல்லெறிந்து, தட்டுமுட்டுச் சாமான்களை உடைத்து நாசமாக்குகிறார்கள். ஜூலியன் அன்றிரவே சாகிறார். கொஞ்ச நாளில் அதே மக்கள் இருட்டியதும் வந்து, இடிந்த வாசற்படியில் சாப்பாடு வைத்துவிட்டுப் போகத் தொடங்குகிறார்கள். உடைத்த நாற்காலிக்காக, உடைத்த தட்டுகளுக்காக என்று சீட்டு எழுதி.

சாவு வீட்டில் அடுப்பெரியாது. அப்பா போன வாரம் எங்கள் சமையலறை மேடையெல்லாம் அடுத்தவர் வீட்டுத் தூக்குவாளிகள். எதற்கு எது மூடி என்று தெரியாது. காரியம் முடிந்த பின் அடியில் வெட்டியிருந்த பெயரைப் பார்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு எவர்சில்வர் தூக்கில் எங்கள் பாட்டியின் பெயர், அப்பாவைப் பெற்றவள். எதிர்வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு அவள் எப்போதோ வைத்த சீர். தண்ணீர்க் குழாய்த் தகராறில் எட்டு வருடமாக அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சில்லை. அதில் ரசம் எப்போது வந்தது, யார் வாங்கி வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. அம்மா அதை வாங்கித் துடைத்தாள். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று உள்ளே இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு மூடி, போய்க் கொடுத்துவிட்டு வா என்றாள்.

எதிர்வீட்டு அக்கா மூடியைத் திறந்து பார்த்தாள். “உள்ள வா, காப்பி குடிச்சிட்டுப் போ” என்றாள்.